தலைமாட்டு ஆவாரை

ஜனவரி 24, சனி

காலையில் பனி. மலை தெரியவில்லை. முழங்காலில் குத்தல்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ஒன்று பூசணிக்காய், அடுத்தது கடுகு. வரி மேடேறிப் போய்ப் பள்ளத்தில் இறங்குகிறது. வேறு யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் இவ்வளவு நல்ல வெள்ளைத் தாளை இப்படிச் செய்கிறோமே என்று இருக்கிறது. தாளே, பொறுத்துக்கொள்.

குர்ஆன் ஓதச் சின்ன வயதிலேயே தெரியும். அது வலப்பக்கம் இருந்து. தமிழ் இடப்பக்கம் இருந்து. இன்னமும் கை முதலில் தாளின் வலது ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டு, பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

நோட்டு செல்வி டீச்சர் கொடுத்தது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். இலஞ்சியில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். "மனசுல இருக்கதை எழுதுங்க ஐயா. நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்" என்றார். நீளமான சொல்லைச் சுருக்கலாம் என்றும் சொன்னார். மையவாடி, எங்கள் அடக்கஸ்தலம், அடிக்கடி வரும். இனி மை.வா. என் மனைவி ஜைத்தூன் பெயரைச் சுருக்க மனம் வரவில்லை.

மனசில் உள்ளது இதுதான். நேற்று ஜும்மா முடிந்து மை.வா. போனேன். ஜைத்தூன் கபுரைக் காணவில்லை.

கை வலி. டீ குடித்துவிட்டு மறுபடி.

மை.வா. முழுவதும் சுத்தம் செய்திருக்கிறார்கள். பராஅத் இரவு வருகிறது, எல்லோரும் அவரவர் ஆட்களின் கபுரில் ஓத, ஜியாரத்துக்கு வருவார்கள் என்பதற்காக. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. முள் இல்லை, புதர் இல்லை, கிடந்த கற்கள் எல்லாம் ஒரு மூலையில் குவியல். மண்ணைக் கொத்தி நிரவி விட்டார்கள். பெருக்கிய வீடு மாதிரி. அங்கே நின்று ஸலாம் சொன்னேன், எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் ஜமாஅத்தில் கபுருக்குச் செங்கல் கட்டக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் பலகை, அவ்வளவுதான். ஜைத்தூனுடைய பலகை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை அடக்கிய அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டது. நான் அடையாளம் வைத்திருந்தது ஓர் ஆவாரஞ்செடி. அடக்கிய அன்று நான் நட்டது மருதாணிக் குச்சி, அது பட்டுப்போனது. ஆவாரை தானாக வந்தது. இடுப்பு உயரம் வளர்ந்து வருஷம் பூராவும் மஞ்சளாக நின்றது. ஜைத்தூன் உயிரோடு இருந்தபோது ரோட்டோரம் ஆவாரையைக் கண்டால் முந்தானையில் பறித்துப் போட்டுக்கொள்வாள், சுகருக்குக் கஷாயம் வைக்க. அவளைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது அது இல்லை.

நூர்ஜகானிடம் சொல்லவில்லை. என் மகள். அவள் வீட்டில்தான் இருக்கிறேன். வெள்ளி தோறும் அந்தச் செடியில் ஒரு பூ பறித்துச் சட்டைப் பையில் போட்டு வந்து அவளிடம் கொடுப்பேன். பெண்கள் மை.வா.வுக்குள் போவது இங்கே வழக்கம் இல்லை. உம்மா கபுரில் இருந்து அவளுக்கு வருவது அந்தப் பூ ஒன்றுதான். காய வைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள்.

"பூ எங்க வாப்பா?"

"பூக்கலை."

"ஆவாரை பூக்காத நாளும் உண்டுமா?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.


ஜனவரி 25, ஞாயிறு

வெயில். காற்று. நூ. (நூர்ஜகானையும் சுருக்கிவிட்டேன்) மாவாட்டக் கொடுத்துவிட்டாள், போய் வந்தேன்.

ஷாகுல் வருகிற சனிக்கிழமை வருகிறான். என் மகன். சவூதியில், தம்மாமில் வேலை. ஜைத்தூன் மௌத்தானபோது கம்பெனி விடவில்லை. போனில் அழுதான், போனை மையித்தின் காதுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான், வைத்தோம். இப்போதுதான் லீவு. நேற்று ராத்திரிகூடச் சொன்னான்: "வாப்பா, வந்து இறங்கினதும் மொதல்ல உம்மாட்ட போகணும். வேற எங்கயும் கூட்டிட்டுப் போவாதிய."

எங்கே கூட்டிக்கொண்டு போவேன்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சுத்தம் செய்யச் சொல்லி ஜமாஅத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பொங்கலுக்கு முன்னால் அசார் அந்தத் தாளைக் கொண்டு வந்தான். தெருப் பையன்களுக்கெல்லாம் தலைவன், செல்போன் கடை வைத்திருக்கிறான். பள்ளிவாசல் வாசலில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் கட்டை விரலை நீட்டினார்கள். நான் பேனாவைக் கேட்டேன். உடனே போடவில்லை. "வாசிச்சிட்டுத்தான் போடுவேன்" என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தேன். அசார் பொறுமையாக நின்றான். பேரீச்சம்பழம் விற்கிற பையன்கூட நின்று கேட்டான். 'மையவாடியில் மண்டிக் கிடக்கும் முட்செடிகளையும் புதர்களையும் அகற்றி.' ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் முதல் கையெழுத்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நூ.விடம் சொன்னேன், அவள் கேசரி கிண்டினாள்.

புதர் என்று வாசித்தபோது ஜைத்தூனுடைய செடி நினைவுக்கே வரவில்லை. அது புதர் என்று யாருக்குத் தோன்றும்?

இன்றைக்கு அசாரிடம் போனேன். கடையில் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, பார்த்தியளா? பளிச்சுன்னு இருக்குல்லா. நீங்க போட்டதுதான் மொதக் கையெழுத்து."

"அங்கன ஒரு ஆவாரஞ்செடி நின்னுச்சே. பைப்புக்கு அந்தால."

"ஒண்ணா? ஏகப்பட்டது நின்னுச்சு மாமா. புடுங்கதுக்குள்ள இடுப்பு செத்துட்டு. வேரு கீழ போய்க்கிட்டே இருக்கு." என் முகத்தைப் பார்த்தான். "ஏன், சுகருக்கா? நாளைக்கே குண்டாத்துப் பக்கம் பைக்கை விட்டு ஒரு சாக்கு பறிச்சிட்டு வாரேன்."

நல்ல பிள்ளை. சாக்கு வேண்டாம் என்றேன். விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் பராஅத் நாளில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டான்.


ஜனவரி 26, திங்கள்

வகுப்பு இல்லை, லீவு. பள்ளிக்கூடத்தில் கொடி, மிட்டாய்.

பக்கீரைப் பார்க்கப் போனேன். கபுர் வெட்டுகிறவர். என்னைவிட இளையவர், ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், ஊரில் எல்லோரையும் அப்படித்தான். மை.வா. கேட்டுக்குப் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஜைத்தூன் கபுர் எது என்று கேட்டேன்.

"வெட்டினதெல்லாம் மனசுல வச்சிருந்தா நான் எப்படிய்யா சோறு திங்க?" என்றார்.

கெஞ்சியதும் எழுந்து வந்தார். பைப்புக்கு வடக்கே கையைக் காட்டினார். "அந்த மழையில வெட்டினது இந்த வரிசைதான். இந்த ரெண்டுல ஒண்ணு. இல்லைன்னா அந்தால இருக்கது. ஒரே மண்ணா நிரவிட்டானுவ, நான் என்ன செய்ய."

"சரியாச் சொல்லுமேன். மவன் வாரான்."

"எதையாவது ஒண்ணக் காட்டு மைதீன். அவன் என்ன, தோண்டியா பாக்கப் போறான்?"

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எதையாவது காட்டலாம். ஷாகுல் நம்புவான். அங்கே உட்கார்ந்து அழுவான். யாருக்கோ அழுவான்.

மூலையில் பிடுங்கிப் போட்டதெல்லாம் அம்பாரமாகக் கிடக்கிறது. எருக்கு, உடைமுள், துத்தி, நாயுருவி. இடையிடையே ஆவாரை. அத்தனையும் வாடிவிட்டது, பூ மட்டும் இன்னும் மஞ்சள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஜைத்தூனுடையது எது? இரண்டு வருஷம் வெள்ளி தோறும் பார்த்த செடி. எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. நிலத்தில் நின்றால்தான் அது அதுவாக இருக்கிறது.

ஆவாரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது:
மாடு தின்னாது. ஆடும் சும்மா முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.
தண்ணீர் கேட்காது.
வெட்டினால் துளிர்க்கும். வேர் மண்ணில் இருக்க வேண்டும்.

இவர்கள் கடப்பாரை போட்டுத் தோண்டியிருக்கிறார்கள். சில இடத்தில் வேர் அறுந்து உள்ளேயே நின்றிருக்கலாம். பைப்பில் வாளி பிடித்து, அவர் காட்டிய அந்த இரண்டு இடத்திலும் ஊற்றினேன். பக்கீர் பார்த்துக்கொண்டே இருந்தார்.


ஜனவரி 28, புதன்

நேற்று எழுதவில்லை. நேற்றும் இன்றும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் இல்லை. மூன்று நாளில் எந்தச் செடி துளிர்க்கும்? தெரியும். ஆனாலும் குனிந்து பார்த்தேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், கபுர் எது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று. "எங்கிருந்து துஆ செஞ்சாலும் போய்ச் சேரும்" என்றார். அது எனக்கும் தெரியும். அல்லாஹ்வுக்கு விலாசம் வேண்டாம். எனக்குத்தான் வேண்டும். ஷாகுலுக்கு வேண்டும்.

வகுப்பில் கவனம் இல்லை. டீச்சர் எழுந்து பலகையில் எழுதச் சொன்னார். 'நான் தினமும் வேலைக்குச் செல்கிறேன்.' எழுதினேன். நேர்கோட்டில் வந்தது. பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

"மாமா எழுதுத எழுத்தப் பாரு, அச்சடிச்சாப்புல."

"இனிமே மாமா நமக்கே வாத்தியார்தாம்ட்டி."

அந்த நேரம் மட்டும் எல்லாம் மறந்து சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வெட்கம்.

பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டு வாசித்தேன். செங்கோட்டை. கடையநல்லூர். சுரண்டை. திருவேங்கடம் போகிற பஸ்ஸில் கண்ணாடி முழுவதும் பழைய பொங்கல் தோரணம், ஆவாரம்பூ காய்ந்து தொங்குகிறது. அந்தப் பக்கம் கரிசல் காடு, பொங்கலுக்கு வேப்பிலையோடு ஆவாரம்பூவைச் சேர்த்துக் கட்டுவார்கள். முன்பெல்லாம் பஸ்ஸை நிறத்தை வைத்தும் கண்டக்டர் முகத்தை வைத்தும் கண்டுபிடிப்பேன். தப்பான பஸ்ஸில் ஏறியதே இல்லை. இப்போது எல்லாம் வாசிக்கத் தெரியும்.


ஜனவரி 30, வெள்ளி

வெயில் கடுமை. ஜும்மா. முட்டைக்கோஸ் கறி.

இன்றைக்குப் பொய் சொன்னேன். வாயால் சொல்லவில்லை.

மை.வா. போய், இரண்டு இடத்துக்கும் நடுவே நின்று ஓதினேன். பிறகு இலஞ்சி ரோட்டில் நடந்தேன். தென்னந்தோப்பு தாண்டி, கல் குவித்திருக்கிற இடத்தில் ஓர் ஆவாரை நிற்கிறது. தூசி. நாலு பூ பறித்தேன். ஒன்று போதும், ஆனால் நாலு பறித்தேன். வாடிவிடும் என்று வாழைப்பழக் கடையில் கேரிப்பை வாங்கி அதில் போட்டேன்.

நூ. வாங்கிக்கொண்டாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாலு பூத்திருக்கா?"

"ம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறக்கும் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. 

நாளை ஷாகுல்.


ஜனவரி 31, சனி

வந்துவிட்டான். திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாகக் கார். மெலிந்திருக்கிறான். முன்தலையில் முடி போய்விட்டது. வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. உம்மா உட்காருகிற நாற்காலி எங்கே என்று கேட்டான். நூ. மேலே போட்டிருக்கிறோம் என்றாள். எடுத்து வரச் சொல்லி, அதில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

எனக்குப் பேனா. நீல மை. இது அதில் எழுதுவது. வழுக்கிக்கொண்டு போகிறது.

"வாப்பா, கெளம்புவமா?"

அலைச்சல், குளி, சாப்பிடு, தூங்கு என்றேன். தூங்கி எழுந்தான். மக்ரிப் ஆகி இருட்டிவிட்டது, நாளைக்குப் போவோம் என்றேன். சரி என்றான். சின்ன வயதில் எதற்கும் சரி என்று சொல்லாத பயல்.


பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். நான் குற்றாலம் போவோம் என்றேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"குத்தாலமா? இப்பமா?"

"தண்ணி விழுது. உடம்பு சூடு போவும். குளிச்சிட்டுப் போறதுதான் நல்லது."

ஜியாரத்துக்கு முன்னால் அருவியில் குளிக்க வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. அவனுக்கும் தெரியும். வந்தான்.

மெயின் அருவியில் கொஞ்சமாகத் தண்ணீர். கூட்டம் இல்லை. நான் சீசனுக்குச் சீசன் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்ற இடத்தில் இப்போது பொரித்த மீன் விற்கிறார்கள். ஷாகுல் என்னைச் சோதித்துக்கொண்டே வந்தான். "அது என்ன போர்டு வாப்பா?" 'பாறை வழுக்கும்.' "அது?" 'பெண்கள் உடை மாற்றும் இடம்.' "எப்பா." அத்தனை வருஷம் அந்த முதல் போர்டுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். சோப்புப் போடாதே என்று எழுதியிருக்கிறது என்று நினைத்து, அதன் அடியிலேயே உட்கார்ந்து சோப்பு விற்கிறோமே என்று போலீஸுக்குப் பயந்துகொண்டிருந்தேன். சொன்னேன். ஷாகுல் தண்ணீரில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் உம்மா சிரிப்பு.

திரும்புகையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். ரோட்டோரம் ஆவாரை.

"இது உம்மா பறிக்கிற பூல்லா வாப்பா. அங்க பாலைவனத்துல ஒரு மஞ்சப் பூவக் கண்டுட்டு, இதுதானோன்னு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இது இல்லைன்னுட்டா."

ஒரு கொத்தை ஒடித்தான். "உம்மாட்ட வைக்கலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோக்காரர் இருந்தார். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டேன். வலி உண்மைதான்.

அவன் கொத்தை டம்ளர் தண்ணீரில் வைத்திருக்கிறான். என் கட்டிலில் இருந்து தெரிகிறது.


பிப்ரவரி 2, திங்கள்

நிறைய எழுத வேண்டும். மெதுவாக.

காலை நாஷ்டாவுக்கு இடியாப்பம். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டது, செடி போனது, பக்கீர் சொன்னது, இலஞ்சி ரோட்டுப் பூ, எல்லாம். தலையைத் தூக்கவில்லை. இடியாப்பத்தைப் பார்த்தே சொன்னேன்.

ஷாகுல் எழுந்து கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு, "ஒங்களுக்கு ஒரே ஒரு வேலைதான வாப்பா" என்றான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நூ. சொன்னாள்: "வெள்ளிக்கெழமையே தெரியும் எனக்கு."

"எப்படி?"

"எப்பவும் பூவு சட்டைப் பையில கசங்கித்தான் வரும். அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீரு மாதிரி பையில வந்துச்சு. கபுர்ல இருந்து வாரவுக வழியில கேரிப்பை வாங்கிட்டா வருவாவ?"

பிறகு தம்பியின் தட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடவில்லை.

"உம்மா எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"சபுரா மச்சி வீட்டு மாடி மையவாடிச் சுவத்த ஒட்டித்தான இருக்கு. அன்னைக்கு நாங்க பொம்பளைங்க எல்லாம் அங்கனதான் நின்னோம். கொடை பிடிச்சிட்டு. எறக்குனதப் பார்த்தோம். ஹஜ்ரத்துக்குத் தெரிஞ்சா ஏசுவாவன்னு யாரும் வாயத் தெறக்கல. அதுக்கப்புறமும் வெள்ளிக்கெழமை நான் போறதுதான், இந்த ரெண்டு வாரமாத்தான் போவல. மச்சிக்கு மொளகா காயப் போட்டுக் குடுக்கேன்னு போவேன்."

இரண்டு வருஷம். நான் கீழே உட்கார்ந்து ஓதும்போது இவள் மேலே நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஷாகுலும் நானும் மை.வா.வுக்குள் போனோம். நூ. மாடிக்குப் போனாள். சுவருக்கு மேலே அவள் தலையும் பச்சை முக்காடும் தெரிந்தது. அங்கிருந்து கத்த முடியாது, ஆண்கள் நாலைந்து பேர் ஓதிக்கொண்டிருந்தார்கள். போன் போட்டாள். ஷாகுல் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"வாப்பாவ பைப்புக்கிட்ட நிக்கச் சொல்லு. நீ மட்டும் நட. நேரா. ஏலே, பார்த்து, மிதிச்சிராத. ஓரமாப் போ."

அவன் நடந்தான். நான் தண்ணீர் ஊற்றிய இரண்டு இடத்துக்கும் வந்தான். மண் இன்னும் ஈரம்.

"இங்கனயா?"

"இல்ல. தாண்டு."

"அக்கா, வாப்பா சொன்னது இதத்தான்."

"தாண்டுன்னா தாண்டு. இன்னும். இன்னும் ஒண்ணு. நில்லு. இப்பம் என்னயப் பாரு. நீ நிக்கதுக்கும் எனக்கும் நேரா அந்தச் சுவத்து ஓட்டை தெரியுதா?"

"தெரியுது."

"அதான். ஒன் காலுக்கு வடக்க."

அங்கே ஒன்றுமே இல்லை. நிரவிய மண். அங்கே எப்போதும் ஒரு செடியும் நின்றதில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு வருஷம் நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்த பக்கம் அது.

போனை என்னிடம் தரச் சொன்னேன். "ஏட்டி, நான் எப்பவும் ஆவாரைக்கிட்டதான உக்காருவேன். நீ பார்த்தேல்லா. ஏன் சொல்லலை?"

"நெழலுக்கு உக்காந்து, பக்கத்துச் செடியில பூ பறிக்கியன்னு நெனச்சேன் வாப்பா" என்றாள்.

ஷாகுல் முட்டி போட்டுக் கையால் மண்ணைத் தள்ளினான். ஆழமாக அல்ல, மேலாக. தலைமாட்டில் விரலில் ஏதோ தட்டியது. உடைந்த பலகையின் அடித்துண்டு. அவன் தூசி தட்டினான். நான் கிட்டே போய் முகர்ந்தேன். என் கடைப் பலகை. எண்ணெய்ப் பாட்டில் அடுக்குகிற தட்டைப் பிரித்து நானே மீசானுக்கு அறுத்துக் கொடுத்தது. மேல்பாதி முறிந்து எங்கோ போயிருக்கிறது. எண்ணெய் ஊறிய இந்தத் துண்டைக் கறையான் தொடவில்லை.

இப்போது புரிகிறது. அடக்கம் முடிந்து நான் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டேன். எழுந்து போனபோது மழை எல்லா மேட்டையும் கரைத்திருந்தது. பலகை இல்லை. ஓர் ஆவாரங்கன்று நின்றது. இதுதான் என்று மனது சொன்னது. மனது சொன்னதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

ஷாகுல் கொத்தை வைத்தான். அழுதான். பிறகு ஓதினான். ஓதி முடித்து என்னை அண்ணாந்து பார்த்தான். "அப்ப ரெண்டு வருஷமா நீங்க யாருக்கு வாப்பா ஓதினிய?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மாடியில் நூ. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளோ அழுதாளோ, தூரத்தில் தெரியவில்லை.

கை ஓய்ந்துவிட்டது.


பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்குப் பராஅத். நூ. ரொட்டி சுடுகிறாள். ஷாகுல் வாழைப்பழம் வாங்கப் போயிருக்கிறான். என்னோடு பேசுகிறான், சாதாரணமாக. தலைமாட்டில் எண்ணெய் தடவிய புதுப்பலகை வைக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறான். அசாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றான்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். ஜைத்தூன் கிடைத்துவிட்டாள். ராத்திரி தூக்கம் இல்லை.

காலையில் தனியாகப் பக்கீரிடம் போனேன். ஜைத்தூனிடம் இருந்து கணக்குப் போட்டு, ஆவாரை நின்ற இடத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டேன்.

"யாரோ" என்றார். பீடியைப் பற்ற வைத்தார். "இதுக்கு வரப்போக யாரும் கெடையாதே. நீ ஒருத்தன்தான் வந்து உக்காருவ. ஒங்க ஆளுன்னுல்லா நெனச்சேன்."

ஆணா பெண்ணா என்றுகூட அவருக்கு நினைவு இல்லை.

அந்த ஆளிடம் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஜைத்தூன், மருமகன் கடனை அடைத்துவிட்டார். ஜைத்தூன், இன்றைக்கு உன் சேலையைத் தானமாகக் கொடுத்துவிட்டோம், கோபிக்காதே. ஜைத்தூன், நான் பள்ளிக்கூடம் போகிறேன், சிரிக்காதே. அ எழுதக் கற்றுக்கொண்ட அன்றைக்கு அந்த மண்ணில் விரலால் எழுதிக் காட்டினேன். சாகும்வரை ஜைத்தூனுக்குத் தெரிந்தது கைநாட்டு மைதீனை மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரிந்த மைதீனை முதலில் தெரிந்துகொண்டது அவள் இல்லை. இவர்.

ஜைத்தூனிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டும். அது இருக்கட்டும். இவரை இனி என்ன செய்வது? தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன், போகிறேன் என்று எழுந்து போய்விட முடியுமா? வேறு ஒருவரும் வரமாட்டார்கள். செடியும் போய்விட்டது, அதற்கும் என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை இரண்டு இடத்திலும் உட்கார வேண்டும். முதலில் ஜைத்தூனிடம், அவள் காத்திருந்தவள். பிறகு இங்கே. என் பெயரைச் சொல்லி ஸலாம் சொல்ல வேண்டும், இத்தனை நாள் அதைச் சொல்லவே இல்லை. ஷாகுலைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா, தெரியவில்லை. நூ. எப்படியும் மேலே நிற்பாள்.

என்ன பேசினேன் என்பதை அடுத்த வாரம்தான் எழுத முடியும். ஷாகுல் வந்துவிட்டான், பழம் பச்சை என்று நூ. ஏசுகிறாள்